அடித்தல் திருத்தல் இல்லாத முகங்கள்

சமூக ஊடகங்கள் மாணவர்களின் கவனத்தைச் சிதறடிக்கின்றன என்பதுதான் ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கும் முதல் குறை. அது உண்மைதான். ஆனால் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு மாற்றம். கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைப் போடச் சொன்னால், விடை தெரிந்த பிள்ளைகளும் தயங்குகிறார்கள். தெரியாததால் வரும் தயக்கத்தை எந்த ஆசிரியரும் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார். இது அந்த வகை அன்று. பாதி வழியில் தடுமாறி நிற்கும் தன்னைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம் இது. கூச்சம் எந்தத் தலைமுறைக்கும் புதிதல்லதான். அது இன்று வகுப்பின் பேச்சையே அடக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதற்கு, பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பதும் காட்டுவதும் திருத்தி மெருகேற்றி முடித்தவையாகவே இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முகமானாலும் சரி, கணக்கானாலும் சரி, அடித்தல் திருத்தலோடு ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது.

அண்மையில் ஒரு மாணவி வில்லைச் (லென்ஸ்) சமன்பாட்டுக் கணக்கு ஒன்றை நோட்டில் முழுதாகப் போட்டு முடித்திருந்தார். பலகைக்கு அழைத்தபோது எழுந்து, "சார், நோட்டுல இருக்கு, நீங்களே பார்த்துக்கோங்க" என்று நோட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன், விடை சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட அடிக்கப்பட்டிருக்கவில்லை. முந்தைய தாளைக் கிழித்ததன் அடையாளமாகத் தையலோரத்தில் காகிதத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வில்லைக் கணக்கில் குறியீட்டு மரபை முதன்முறையே சரியாகப் போடுபவர்கள் மிகச் சிலர். எந்தத் தொலைவுக்குக் கழித்தல் குறி, எதற்குக் கூட்டல் குறி என்று இரண்டு மூன்று முறை குழம்பித்தான் எல்லாரும் தெளிகிறார்கள். அவரும் குழம்பியிருப்பார். வகுப்புக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது அந்தக் குழப்பம்தான்; அதைத்தான் அவர் கிழித்துப் போட்டிருந்தார். அப்போது யார் கையிலும் கைபேசி இல்லை. ஆனாலும், திகைத்து நிற்கும் ஒருவரின் படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உலவவிடுவது எத்தனை எளிய வேலை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். (அந்த ஸ்டிக்கர்த் தொகுப்பில் ஆசிரியர்களின் முகங்களும் உண்டு. என்னுடையது கொட்டாவி விடும்போது எடுத்தது.)

பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பதைக் கொண்டே நம்மைப் பற்றிய எண்ணத்தை அமைத்துக்கொள்கிறோம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902-இலேயே எழுதினார். பிறருக்கு நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று கற்பனை செய்துகொள்வது, அந்தத் தோற்றத்தை அவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்று கற்பனை செய்துகொள்வது, அதன் விளைவாகப் பெருமையோ அவமானமோ கொள்வது என்று அதை அவர் மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டும் கற்பனை என்பதால், மனிதர்கள் தங்களுக்குச் சாதகமாகக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கொள்ள அதில் இடமிருந்தது. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் லைக் பொத்தானைக் கொண்டுவந்தபோது அந்த இரண்டாவது கற்பனை ஓர் எண்ணாக மாறியது. அந்த எண் சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமின்றி அவருடைய நண்பர்கள் அனைவருக்கும் தெரியும்படி படத்தின் கீழேயே நின்றது. பதின்வயதினர், எப்போதும் ஒரு கூட்டம் தங்களையே கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் எழுதினார். வயது ஏற ஏற அந்தக் கூட்டம் கலைந்துவிடும், அது வெறும் நினைப்பு என்று புரிந்துவிடும் என்று அக்காலத்துப் பெரியவர்கள் ஆறுதல் சொல்ல முடிந்தது. இன்ஸ்டாகிராமில் போட்ட ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்று பெயர்ப் பட்டியலே கையில் இருக்கும்போது அந்த ஆறுதலை நான் எப்படிச் சொல்வது?

ஒப்பிட்டுப் பார்ப்பதும் பழைய பழக்கமே. தம் திறமையையும் கருத்தையும் அளக்கத் திட்டமான அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தம்மையொத்த மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் விளக்கினார். தம்மையொத்தவர் என்பதுதான் இதில் முக்கியம். திரை நட்சத்திரத்தின் முகத்தோடு தன் முகத்தை ஒப்பிடும் சிறுமிக்கு, அது வேறு உலகம் என்பது ஓரளவு தெரியும். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் நேற்று இரவு போட்ட படத்தோடு ஒப்பிடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தப் படம் எத்தனை படங்களில் தேறிய ஒன்று, எந்த ஃபில்டர் வழியாக வந்தது என்பதெல்லாம் மறைந்துபோய், என்னைப் போன்ற ஒருத்தி என்னைவிட அழகாக இருக்கிறாள் என்பது மட்டுமே மிஞ்சுகிறது. நெருக்கமானவர்களோடு செய்யும் ஒப்பீடுதான் ஆழமாகக் குத்துகிறது. அந்த ஒப்பீட்டில்தான் பொய்யும் எளிதில் பிடிபடாமல் போகிறது.

இதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது என்பதை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். அளந்து காட்டினால் ஏறுகிறது. ஒளியியல் பாடம் அதற்கு நல்ல வாய்ப்பு. முகத்திலிருந்து 30 செ.மீ. தொலைவில் கேமராவை வைத்து ஒரு படமும், 150 செ.மீ. தொலைவில் வைத்து இன்னொரு படமும் எடுக்கச் சொல்வேன். இரண்டிலும் முகத்தின் அகலம் ஒரே அளவாக வரும்படி பெரிதாக்கி அச்சிட்டு, மூக்கின் அகலத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பளிச்சென்று தெரியும் அளவுக்குப் பெருத்திருக்கும். கேமராவில் குறையொன்றும் இல்லை. எல்லாம் தொலைவு செய்யும் வேலை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறக்குறைய 12 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், 30 செ.மீ. தொலைவிலுள்ள கேமராவுக்கு மூக்கைவிடக் காது 1.4 மடங்கு தள்ளியிருக்கிறது, 150 செ.மீ. தொலைவில் அந்த விகிதம் 1.08 மட்டுமே. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு மிகையாகத் தெரிய வேண்டும் என்று வருகிறது. 2018-இல் முகச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை குறித்த ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கும், 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடித் தெரிவதாகவே சொன்னது. செல்ஃபியில் அழகாகத் தெரிய வேண்டும் என்று மூக்கைத் திருத்தக் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக்காட்டவே மருத்துவர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

இந்தச் சோதனை நடக்கும் நாளில் வகுப்பில் எழும் சத்தம் வேறு மாதிரியானது. முதலில் சிரிப்பு, பிறகு ஒருவர் அளந்ததை இன்னொருவர் வாங்கி அளப்பது, அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசாமல் தங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. ஒரு மாணவன் தன் மூக்கை இரு விரல்களால் பிடித்துப் பார்த்துவிட்டு அளவுகோலை மறுபடியும் படத்தின் மேல் வைத்தான். இடவலம் மாறித் தெரியும் பிம்பத்தையும் அன்றே பேசிவிடுவேன். படம் எடுக்கும்வரை முன்பக்கக் கேமரா கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிக் காட்டுகிறது. சேமிக்கும்போது பல கைபேசிகள் அதை நேராக்கிவிடுகின்றன. 1977-இல் நடந்த ஓர் ஆய்வில், ஒருவருடைய நேரான புகைப்படத்தையும் அதன் இடவலம் மாறிய பிரதியையும் காட்டியபோது, பெரும்பாலும் அவருக்குப் பிடித்தது மாறிய பிரதி. அவருடைய நெருங்கிய தோழிக்கோ காதலருக்கோ பிடித்தது நேரான படம். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் நமக்கு, நேரில் பார்த்துப் பழகிய முகம் அவர்களுக்கு. தன் படம் தனக்குக் கோணலாகத் தெரிவதற்கு முகம் பொறுப்பல்ல என்று கேட்டதும் சிலருடைய தோள்கள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டர்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததே. அசையும் முகத்தின் மேல் உடனுக்குடன் பொருந்தும் ஃபில்டர்களை ஸ்னாப்சாட் 2015-இல் பரவலாக்கியது. வெளியார் உருவாக்கிய ஃபில்டர்களை, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்துவிட்டபோதும் நிறுவனத்தின் சொந்த ஃபில்டர்கள் தொடர்ந்தன. கேட்காமலேயே தோலை வழுவழுப்பாக்கிக் காட்டும் கைபேசிகளும் பல இருப்பதால், ஃபில்டரே போடவில்லை என்று சத்தியம் செய்யும் பிள்ளை பொய் சொல்கிறது என்று கொள்ள முடியாது.

இதெல்லாம் சேர்ந்து பிள்ளைகளின் மனநிலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 2019-இல் ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய மனநல வேறுபாட்டில் அதிகம் போனால் 0.4 விழுக்காட்டைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடியும் என்றார்கள். 2021-இல் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களோ, தங்கள் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னதைக் காட்டின. பல பிரச்சினைகளில் தங்கள் செயலி உதவியாக இருந்ததாகவும் அதே பெண்கள் சொன்னார்கள் என்பது நிறுவனத்தின் பதில். இரண்டு செய்திகளையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. முதலாவது எல்லாரையும் சேர்த்துப் போட்ட சராசரி; இரண்டாவது ஏற்கெனவே நொந்திருந்தவர்களைப் பற்றியது. ஆசிரியர் சராசரிக்குப் பாடம் நடத்துவதில்லை. வகுப்பில் எட்டாவது வரிசையில் ஒருவர் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் அவருக்கு எந்த வகையிலும் உதவாது.

முகத்தைப் பற்றிய எண்ணத்தைப் போலவே, தன் அறிவைப் பற்றிய எண்ணமும் இந்தத் திரையால் மாறுகிறது. இதைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறோம். முகத்தில் தன்னம்பிக்கை குறைகிறது என்றால், பாடத்தில் பல சமயம் அது பொருத்தமில்லாமல் கூடுகிறது. 2018-இல் மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரயன் ஆகிய இருவர் நடத்திய சோதனைகளில், ஒரு வித்தையின் காணொளியை ஒரு முறை பார்த்தவர்களைவிட 20 முறை பார்த்தவர்கள் தங்களால் அதைச் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். செய்யச் சொன்னபோது அவர்கள் கொஞ்சமும் மேலாகச் செய்யவில்லை. மூன்வாக் நடனமும், பாத்திரங்கள் அடுக்கிய மேசையிலிருந்து விரிப்பை மட்டும் உருவும் வித்தையும் அந்தச் சோதனைகளில் இருந்தன. பந்தைப் போல மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் கட்டைகளைச் சற்று நேரம் கையில் வைத்திருந்து பார்த்தவர்களிடம் இந்த மிகைநம்பிக்கை தணிந்தது என்பது அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என் வகுப்பில் இதன் இன்னொரு வடிவத்தைக் காண்கிறேன். ஒரு நிமிட ரீல்ஸில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, அந்தப் பாடம் தனக்கு முடிந்துவிட்டது என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. சுவரைத் தள்ளுகிறேன், சுவரும் என்னைத் தள்ளுகிறது, அப்படியானால் இரண்டு விசைகளும் ஒன்றையொன்று நீக்கிவிடாதா என்று கேட்டால், அந்த முகம் உடனே மாறுகிறது. விசைகள் வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படுகின்றன என்ற விடைக்கு வந்து சேர்வதற்குள் காணொளியின் நீளத்தைப் போலப் பல மடங்கு நேரம் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தை அந்தப் பிள்ளை தன் அறிவின் குறையாக எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் புரிய வேண்டியது எனக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகிறதே என்ற நினைப்பு, கண்ணாடி முன் நின்று மூக்கைப் பற்றி வருந்துவதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியேவும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பிரிவினர் தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டினார்கள். இன்னொரு பிரிவினர் தேர்ந்த ஆசிரியரின் தங்குதடையற்ற விரிவுரையைக் கேட்டார்கள். தேர்வில் மல்லுக்கட்டியவர்கள் அதிகம் பெற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்களே. வழுக்கிக்கொண்டு போகும் பேச்சைக் கேட்கும்போது கற்றதுபோல் இருக்கிறது. தடுமாறும்போது மண்டையில் ஒன்றும் ஏறாததுபோல் இருக்கிறது. யூடியூபில் எல்லாப் பேச்சும் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. தடுமாறிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். இதில் அவர்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, அந்தத் தொழில் அப்படி. அவற்றில் சிலவற்றை நானே வகுப்பில் காட்டியிருக்கிறேன். கோள்களின் இயக்கத்தை என் சுண்ணாம்புக் கட்டியால் அவ்வளவு நன்றாகக் காட்ட முடியாது.

ஆசிரியர்களையும் இது விட்டுவைக்கவில்லை. ஒரு சோதனையைத் தொடங்கி, சுற்றில் மின்னோட்டம் வராமல், எந்தக் கம்பி கழன்றிருக்கிறது என்று தேடும் அந்த ஐந்து நிமிடம் முன்பெல்லாம் பாடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இன்று அந்த ஐந்து நிமிடத்தில் பல ஆசிரியர்களின் முகம் சிவந்துவிடுகிறது. காணொளி ஆசிரியருக்கு ஒருமுறையும் கம்பி கழல்வதில்லையே. சிலர் சோதனையையே விட்டுவிட்டுக் காணொளியை ஓடவிடுகிறார்கள். வேறு சிலர் எதிர்ப்பக்கமாகப் போய், வகுப்பறையையே படப்பிடிப்புத் தளமாக்கி, பிள்ளைகள் சொல்லும் விடைகளை, முக்கியமாக வேடிக்கையான தவறான விடைகளை, ரீல்ஸாகப் போடுகிறார்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் தவறான விடை இலட்சம் பேர் சிரித்து முடித்த பிறகும் இணையத்தில் இருக்கும். அந்தக் குழந்தையை யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அது என்னவென்று அதற்குப் புரிந்திருக்காது. பெற்றோர் கையெழுத்திட்டார்கள் என்பது சட்டத்துக்குப் போதலாம்.

கைபேசித் தடையைப் பற்றியும் ஒரு சொல். பிரான்ஸ் 2018-இல் பள்ளிகளில் கைபேசிப் பயன்பாட்டைச் சட்டத்தின் மூலம் தடுத்தது. நெதர்லாந்து 2024 ஜனவரி முதல் இடைநிலைப் பள்ளி வகுப்பறைகளிலிருந்து அகற்றியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடைசெய்தது. வகுப்பு நேரத்தில் கைபேசி வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நோட்டுத் தாளைக் கிழித்த மாணவியின் பையில் கைபேசி அணைந்து கிடந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வுக்குச் சார்ஜ் தேவைப்படுவதில்லை.

அதனால் என் வகுப்பில் சில சிறு விதிகள் வைத்திருக்கிறேன். அழிப்பானும் வெள்ளை மையும் கூடாது. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, கீழே ஏன் அடித்தோம் என்று நாலு சொல் எழுத வேண்டும். அந்த நாலு சொல்லுக்கு மதிப்பெண் உண்டு. பலகையில் கணக்குப் போடுபவர் பாதியில் நிற்கலாம். நின்ற இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வார், முதலாமவர் பலகை அருகிலேயே நின்று பார்ப்பார், தப்பித்து இருக்கைக்கு ஓடிவிட முடியாது. கழன்ற கம்பியை நான் தேடும்போதும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் தேடுகிறேன்.

இவற்றோடு, அவர்களுடைய கருவியையே கொண்டு ஒரு வேலையும் கொடுத்தேன். ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வெட்டாமல், ஒரே மூச்சில், யோசிக்கும் இடைவெளிகளோடு படம் பிடித்து எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். முகம் தெரிய வேண்டியதில்லை, கையும் தாளும் போதும். வந்தவற்றில் சில நன்றாகவே இருந்தன. ஒரு மாணவர் தாளின் மேல் பேனாவை வைத்தபடி நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்து, கடைசியில் "இல்லயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படத்தை மறுபடி வரைந்தார். ஓராண்டில் நான் பார்த்த மிக நல்ல இயற்பியல் அதுதான். ஆனால் இன்னும் சிலர், நான் எதிர்பார்க்கிறேன் என்பதற்காகத் தவறையே ஒத்திகை பார்த்துச் செய்திருந்தார்கள். மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு, "அய்யோ" என்று சொல்லி, அழகாக ஒரு கோடு போட்டு அடித்து, திருத்தி எழுதினார்கள். அடுத்தடுத்து வந்த காணொளிகளில் அதே மூன்றாவது வரி, அதே குறி, அதே "அய்யோ". தவறு செய்வதும் மெருகேற்றிக் காட்டக்கூடிய ஒன்றுதான் என்று அவர்கள் கண்டுகொண்டதைத் திறமை என்று பாராட்டுவதா, கவலைப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் பருவத்தில் அதே வேலையைக் கேமரா இல்லாமல், வகுப்பிலேயே, முன்கூட்டித் தெரியாத கணக்கை வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். நோட்டு மாணவி முதல் வாரம் பேனா மூடியைக் கழற்றவே இல்லை. இரண்டாம் வாரம் எழுதினார், ஓர் இடத்தில் அடித்தார், அதன் கீழே காரணமாக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "அவசரம்". நாலு சொல் கேட்டிருந்தேன்; இருந்தாலும் முழு மதிப்பெண் போட்டேன்.